அனுமதி இல்லை

வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆள் நடமாட்டம் அடங்கும் இந்த நேரத்தைத்தான் கணினிப் பிரிவு முப்லிஹா வேலைக்குத் தெரிவுசெய்திருக்கிறாள். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சேவர் கணினியில் டொக்டர்மாருக்கு ஒன்று, தாதிமாருக்கு ஒன்று, எழுதுவினைஞருக்கு ஒன்று என்று அனுமதிக் குழுக்கள் அமைக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டத் தட்ட, கறுப்புத் திரையின் வெள்ளை எழுத்துகள் அவள் மூக்குக்கண்ணாடியில் ஏறுகின்றன. கடைசியாக எல்லாருடைய பெயரையும், தன் பெயரையும், புதிய குழுக்களில் போடுகிறாள். அடுத்த கட்டளையைத் திரை மறுக்கிறது: அனுமதி இல்லை. மறுபடியும் தட்டுகிறாள். அனுமதி இல்லை. இதுவரை எல்லாருக்கும் உரிமை தந்த பழைய குழுவும் இருக்கட்டும் என்று கட்டளையில் சொல்ல மறந்திருக்கிறாள். எல்லாரும் பழையதிலிருந்து நீங்கிவிட்டார்கள், நிர்வாகியான அவளும். புதிய குழுக்களுக்கு இன்னும் எந்த உரிமையும் கொடுக்கவில்லை. இதைத் திருத்தக்கூடிய கடவுச்சொல் பிரிவின் மூத்தவர் மஜீட் காக்காவிடம் மட்டுமே உண்டு. அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறார், கைபேசியை அணைத்துவிட்டார். வாவிக் காற்றில் ஜன்னல் கொக்கி ஆடி ஆடிச் சட்டத்தில் இடிக்கிறது. மேசைத் தொலைபேசி அலறுகிறது. சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஆண் தாதி ஜெயரூபன்.

“தங்கச்சி, வெல்லாவெளியால வந்த எக்சிடன் கேஸ். இவ்வளவு நேரமும் திறந்த படம் இப்ப திறக்குதில்ல. மயக்கமும் குடுத்தாச்சு. மண்டைக்குள்ள ரத்தம் எங்க எண்டு தெரியாம வெட்ட இது என்ன வத்தகப்பழமா?”

“காக்கா பள்ளியில நிக்கார், அண்ணன்.”

 அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் விட்டு விட்டுக் கூவுகிறது.

“எத்தின நிமிசம் எண்டு டொக்டர் கேக்கார். நான் என்னத்தச் சொல்ல?”