ஏழாம் கட்டிலின் தூது

"ஸ்ரெல்லா, ஒருக்கா வாரும்."

மருந்து கலந்து கொடுக்கும் அப்போதிக்கரி தியாகலிங்கம் தன் வாயால், நேரே, நேர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாட்டில் முனகிக்கொண்டு கிடந்தவர்கள்கூட முனகலை நிறுத்திவிட்டார்கள்.

ஏழாம் கட்டில் யாகப்புவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதாவே, நேர்த்தி பலித்துவிட்டது என்று கையூன்றி எழும்பி உட்கார்ந்தார்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட கிழமை தொடங்கிய பகை. மூன்று மாதம் தாண்டிவிட்டது. காயம் கட்டும் சீலையை நேர்ஸ் வீணாக்குகிறாள் என்று, நோயாளரைப் பார்க்க வந்த சனத்துக்கு முன்னால் தியாகலிங்கம் ஏசினார். உங்கள் மருந்துப் போத்தல் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர்தானே என்று அதே சனத்துக்கு முன்னால் அவளும் திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு அறுந்தது. பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கண்டித்தும் சரிவரவில்லை.

பேச்சு அறுந்தால் வேலை நிற்குமா? மருந்தறைக் கதவுக்கும் நேர்ஸின் மேசைக்கும் நடுவில் கிடப்பது ஏழாம் கட்டில். அதில் யார் படுத்தாலும் தூது அவர் தலையில்தான் விழும்.

"உவருக்குச் சொல்லுங்கோ யாகப்பு அண்ணை, குயினைன் முடிஞ்சு ரண்டு நாள். கண் தெரியேல்லையோ எண்டு கேளுங்கோ" என்பாள் ஸ்ரெல்லா.

"ஐயா, மிஸிக்குக் குயினைன் கொஞ்சம் தரட்டாம்" என்பார் யாகப்பு.

நாலு முழத் தூரத்தில் நிற்கிற மனிதருக்குக் காது கேளாதா? நன்றாகக் கேட்கும். ஆனாலும் யாகப்பு சொன்ன பிறகுதான் தியாகலிங்கம் அலுமாரியைத் திறப்பார்.

முன்னர் அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் ஏச்சை ஏச்சாகவே கொண்டுபோய்க் கொடுத்து அடுப்பை ஊதிவிட்டுப் போனார்கள். யாகப்பு கரையூரில் வலைப் பங்குச் சண்டைகளைத் தீர்த்துப் பழகியவர். முள்ளை எடுத்துவிட்டுத்தான் மீனைக் கொடுப்பார்.

அவர் வந்து ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வயிற்றுக் கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வந்ததும் வீடு. யாகப்பர் கோயில் திருநாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. போவதற்கு முன் இந்த இரண்டு பேரையும் நேரே கதைக்க வைத்துவிட வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தார்.

இதோ, இருவரும் விறாந்தைக் கடைசியில் ஒன்றாக நிற்கிறார்கள்.

"பாத்தியே?" என்று எட்டாம் கட்டில் கதிரவேலுவைப் பார்த்துக் கண் சிமிட்டினார் யாகப்பு.

தியாகலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். ஸ்ரெல்லா வாசித்தாள். மடித்தாள். திரும்ப விரித்து மறுபடியும் வாசித்தாள். அவர் ஏதோ கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

சமாதானமானவர்கள் கொஞ்சம் சிரிக்க வேண்டாமா?

அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று யாகப்பு காதைத் தீட்டினார். ஒன்றும் எட்டவில்லை. ஐந்து கிழமையாக அவரைத் தாண்டி அந்த இருவருக்கும் நடுவில் ஒரு சொல் போனதில்லை. போன கிழமை மூன்றாம் கட்டில் கிழவர் கண்ணை மூடியபோதுகூட, "முடிஞ்சுது எண்டு உவருக்குச் சொல்லுங்கோ" என்று ஸ்ரெல்லா அவரிடம்தான் சொன்னாள்.

ஒரு சாவையே கொண்டுபோய்க் கொடுத்தவரிடம் சொல்லக்கூடாத செய்தி எது?

யாகப்புவுக்கு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் ஒரே விடைதான் வந்தது: அந்தக் கடதாசி கொழும்பிலிருந்து வந்திருக்கிறது. மெல்லத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

இருவரும் சேர்ந்தே வந்து கட்டிலடியில் நின்றார்கள். தியாகலிங்கம் சுவரைப் பார்த்தார். ஸ்ரெல்லாவின் கண் சிவந்திருந்தது.

"பின்னேரம் உங்கடை மனிசி வருவாவோ, அண்ணை?"

வருவாள். கஞ்சிச் செம்போடு வந்து, திருநாளுக்கு வீட்டை போக விடுவினமாமோ என்றுதான் மனைவி லூர்த்தம்மா முதலில் கேட்பாள். ஐந்து கிழமையாக அவள் கேட்கிற கேள்வி அது.

"வருவாள் மிஸி" என்றார் யாகப்பு. "அவளிட்டை நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. என்னட்டைச் சொல்லுங்கோ. நான் பதமாய்ச் சொல்லிவிடுறன்."