அண்ணன் வீட்டு அடுப்பு

ஸலாமா கதவைத் திறந்தபோது, தம்பி ஃபவ்வாஸ் முதுகில் ஒரு மூட்டையோடும் கண்ணில் நீரோடும் நின்றுகொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் பேசி மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது.

"மழை இறங்கப் போகுதுண்ணே. உனக்கு முட்டிவலி வேற. மனசு கேக்கல," என்றார் தம்பி.

சண்டைக்குக் காரணம் ஓர் ஆட்டுத் தலை. மாமா மகன் கல்யாண விருந்தில் சோற்றுத் தாம்பாளத்தை வைத்தவர்கள், மேலே இருந்த தலையை மரியாதைப்படி மூத்தவரைப் பார்த்து வைக்காமல் இளையவரைப் பார்த்து வைத்துவிட்டார்கள். அந்த வாரமே, அப்பா விட்டுப்போன பழைய கல்வீட்டின் மாடிக் கூடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய சுவர் எழும்பியது. ஸல்த் ஊரே சிரித்தது.

ஸலாமா கதவை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். அவர் மனைவி நஜ்லா ஏலக்காய் போட்டுக் காப்பி வைக்க ஓடினாள்.

மூட்டை நிறைய ஆலிவ் பிண்ணாக்கு. எண்ணெய் ஆலையில் வாங்கிக் கட்டிகளாகக் காயவைத்தது. விறகைவிட மலிவு, நின்றும் எரியும். ஃபவ்வாஸ் அதை மூலையில் இறக்கிவிட்டு, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

லொடலொடவென்று ஆடிய ஜன்னல்களின் இடுக்குகளில் துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினார். வாசற்கதவின் அடியில் புகும் காற்றுக்கு, கைக்குக் கிடைத்த பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, மணல் நிரப்பித் தைத்து அணை போட்டார். அது அண்ணனின் கல்யாணக் கால்சட்டை என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணன் அதையும் மன்னித்தார்.

அடுத்து, நடுக்கூடத்தில் குளிர்காய வைத்திருந்த இரும்பு அடுப்பை இருவருமாக நகர்த்திக் குறுக்குச் சுவரை ஒட்டி வைத்தார்கள். புகைக்குழாய் எட்டாதே என்று ஸலாமா கவலைப்பட்டார். அதற்கு வேண்டிய குழாயையும் தம்பி கையோடு கொண்டுவந்திருந்தார்.

அடுப்புக்குப் பின்னால் சுவரில் அலுமினியத் தாளை ஒட்டினால் சூடு வீணாகாமல் அறைக்குள்ளேயே திரும்பும் என்று நஜ்லா யாரிடமோ கேட்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஒரு சுருளை எடுத்தும் வந்தாள்.

"வேணாம் அண்ணி. பழைய வீடு, சுவர் மூச்சு விடணும்," என்று ஃபவ்வாஸ் பணிவாகச் சுருளை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்தார்.

பிண்ணாக்கு பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அறை கதகதப்பாகிவிட்டது. ஸலாமா மேலங்கியைக் கழற்றினார், தலைத்துணியைக் கழற்றினார், கடைசியில் வீறாப்பையும் கழற்றி வைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டுத் தலை கிடக்குதுடா. அடுத்த கல்யாணத்துல அது எந்தப் பக்கம் வேணும்னாலும் பாத்துக்கட்டும்," என்றார்.

தம்பியும் அண்ணன் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அடுப்பை மட்டும் அணைய விடாதே, பிண்ணாக்கு தீர்ந்தால் நானே இன்னொரு மூட்டை கொண்டுவருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நஜ்லா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூவரும் இரண்டாம் முறை காப்பி குடித்தார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பிய அண்ணன், தம்பியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

ஃபவ்வாஸ் கண்ணைத் துடைத்தபடி பக்கத்துக் கதவைத் திறந்து தம் வீட்டுக்குள் நுழைந்தார். அங்கே அடுப்பு இன்னும் பரணிலேயே இருந்தது. அவர் மனைவி ஹியாம் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குறுக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சுகமாக உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுவர் நல்லாச் சூடாயிடுச்சுங்க. தரைதான் சில்லுனு இருக்கு, நாளைக்குக் கீழ்வீட்டுக்காரரோடயும் சமாதானமாயிடுங்க."