தப்பிய முள்

தராசில் வைத்த மீன் துண்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு கடைக்காரர் உள்ளே போனார். போனவர் போனவர்தான்.

மருமகளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணி காதோரமாகக் குனிந்தாள். "நமக்குக் காட்டுறது ஒரு துண்டு, பையில வர்றது வேற துண்டு. இந்த உம்மணாமூஞ்சியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

மருமகளுக்குத் தெரியாது. அவள் மீன்கடைக்கு வந்ததே இதுதான் முதல் தடவை. மீன் சமைத்ததும் கிடையாது. வீட்டில் அடுப்பங்கரை முழுக்க மாமனாருடைய ராஜ்யம். யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறிப் போனது. அதைவிட மோசம், தொண்டை விழுங்க மறந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாமே மிக்ஸியில் அடித்த கூழ்தான். போன மாதம் அதிலும் ஒரு பட்டாணித் தோல் தப்பிப் போய், அவர் முகம் நீலம் பாரித்து, ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் மருமகளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்த மனுஷர் நேற்றுக் காலை கூழை ஒதுக்கித் தள்ளிவிட்டு, வாயைக் கோணிக் கோணி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மீன்."

விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணை மருமகள் கேட்டாள். சால்மன் மெத்தென்று இருக்கும், கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றாள் அவள்.

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி, சமைக்கச் சுலபமாக ஒரு வழி கேட்டிருந்தாள். அவர் கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஆவியில வைங்க. பத்து நிமிஷம். ஸ்பூன் பட்டா இதழ் இதழாப் பிரியணும். பிரியலைன்னா இன்னும் ரெண்டு நிமிஷம்."

அது சரிவரவில்லை என்றால் ஃபாயில் தாளில் சுற்றி ஓவனில் வைக்கலாம், இல்லை, தோல் பக்கம் கீழே இருக்கிற மாதிரி சட்டியில் போட்டு மூடிச் சின்னத் தீயில் வைக்கலாம், எப்படிச் செய்தாலும் வறண்டு போக விடக் கூடாது என்றார். அப்புறம்தான் துண்டோடு உள்ளே போனார்.

கால் மணி நேரம் கழித்துப் பொட்டலத்தோடு வந்தார்.

"முள்ளு எடுத்துட்டீங்களா அண்ணே?"

"முள்ளு இருக்கும். நீங்கதான் பாத்துக் கொடுக்கணும்," என்று பொட்டலத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்ததும் அவளுக்குப் பகீரென்றது. கடையில் வழவழவென்று இருந்த துண்டு இப்போது கந்தலாகக் கிடந்தது. நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பழைய துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டாரா? முகர்ந்து பார்த்தாள். கெட்ட வாடை இல்லை. கணவனுக்குப் போன் செய்தாள். எதுக்கு வம்பு, தூக்கிக் குப்பையில் போடு என்றான் அவன்.

திரும்பினாள். சக்கர நாற்காலியில் மாமனார், கழுத்தில் துவாலையைக் கட்டிக்கொண்டு, அடுப்பங்கரை வாசலில் காத்திருந்தார்.

ஆவியில் வைத்தாள். கடிகாரத்தையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். பன்னிரண்டாவது நிமிடம் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது.

வெள்ளைத் தட்டில் கொட்டி, ஒவ்வொரு இதழாக விரலுக்கு இடையில் வைத்து நசுக்கினாள். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் ஒன்றும் இல்லை. மனசு கேட்காமல் மூன்றாவது தடவை பார்த்தபோது, ஒரு ஓரத்தில் சுருக்கென்றது.

தலைமுடி மாதிரி ஒரு முள்.

இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தால்? தட்டோடு கொட்டிவிடலாம் என்று எழுந்தாள். மாமனார் நல்ல கையை நீட்டி, கொண்டா என்பது போல விரலை மடக்கினார்.

முழுக்க இன்னொரு தடவை தேடிவிட்டு, ஸ்பூன் நுனியில் துளி எடுத்து ஊட்டினாள். அவர் பயிற்சியில் சொன்னபடி தாடையைத் தாழ்த்திக்கொண்டார். தொண்டை அசையவில்லை. அவள் கை தானாகப் போனை எடுத்தது.

தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மாமனார் மறுபடி வாயைத் திறந்தார்.

தட்டு காலியானதும் முகத்தைச் சுளித்து, "உப்பு," என்றார். போதவில்லையாம்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. சாயங்காலம் கணவன் வந்ததும் அவரை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு, முள்ளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைக்குப் போனாள். நாலு பேர் நிற்கும்போதே அதைப் பலகை மேல் வைத்தாள். விழுங்க முடியாதவர் என்று அத்தனை சொல்லியும் கந்தல் துண்டை, அதுவும் முள்ளோடு தலையில் கட்ட எப்படி மனசு வந்தது என்று கேட்டாள்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். நான் தேடினதால பிழைச்சார்."

"இது ஒண்ணுதானே இருந்துச்சு?"

"ஒண்ணு போதாதா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "இடுக்கியும் கையுமா உக்காந்து பதினேழு முள்ளு பிடுங்கினாரும்மா. அதுலதான் துண்டு கந்தலாச்சு."

மருமகள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன் அண்ணே முள்ளு இருக்கும்னு சொன்னீங்க? எடுத்தாச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லம்மா. எடுத்தாச்சுன்னு சொல்லியிருந்தா, நீங்க தேடியிருப்பீங்களா?"