நீட்டிய கை

உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வெயில் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கிறது. வரப்போரம் ஸ்கூட்டரை நிறுத்திய கணக்கு வாத்தியார் ராஜாங்கத்தைப் பார்த்து, உப்பு வாரும் அம்சவல்லி சிரிக்கிறாள். பத்தாவதில் அவரிடம் படித்தவள். “நல்லா இருக்கீங்களா சார்? சைன் தீட்டா, காஸ் தீட்டாலாம் இன்னும் நடத்துறீங்களா? எனக்கு அது ஒரு நாளும் தேவைப்படல சார்.” குறையாக அல்ல, ஊர்ச் சேதி போலத்தான் சொல்கிறாள். முந்தானையைச் செருகிக்கொள்ள அவள் குவியலில் சாய்த்த, உப்பு வாரும் பலகைக் கழி சரிந்து அவர் காலடியில் விழுகிறது. எடுத்துக் கொடுக்கலாமென்று குனிகிறார். கழியோடு அவர் நிமிர்ந்ததும் அவள் கண்ணை இறுக மூடி, உப்பில் வெடித்த உள்ளங்கையை விரித்து நீட்டுகிறாள். மறுகணமே, “ஐய, பழைய நெனப்பு சார்” என்று அவளே சிரித்துவிடுகிறாள். கழியை எப்படிக் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.