வெளிச்சம் நுழையாத மேகம்

குழலி இறந்து பதினோரு நாளாகியும் அவள் தாய் செண்பகம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகளின் அறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு உள்ளேயே கிடந்தாள். சோறும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கணவர் வேலாயுதம், கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் புகை போடுகிறவரிடம் கெஞ்சிக் கொஞ்சம் டிரை ஐஸ் வாங்கிவந்தார். அந்த அறையிலேயே, மகள் சோதனைக்காகச் செய்துவைத்திருந்த கண்ணாடித் தொட்டியின் மேல்விளிம்புத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, மூடி, ஐஸின் மேல் வைத்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தார். உள்ளே மெல்லப் பனி இறங்கியது. நூல்போல ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடிக் கலைந்தது. செண்பகம் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க அது?”

“வானத்துலருந்து வர்ற கதிரு. உம்மவ எட்டு வருசமா நட்சத்திரங்களுக்கு நடுவுல இருக்குற ஒரு மேகத்தப் படிச்சாளே, அதுக்குள்ள வெளிச்சமே போவாதாம். இது மட்டுந்தான் போவுமாம். இது போன பொறவுதான் அங்க தண்ணியே உண்டாவுமாம்.”

“எங்கருந்து வருது?”

வெடித்துச் செத்த நட்சத்திரத்திலிருந்து என்று மகள் சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“ரொம்பத் தூரத்துலருந்து.”

செண்பகம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தொட்டியின் மூடியை மறைத்தாள். கைகளுக்குக் கீழேயும் இன்னொரு கோடு ஓடியது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் தீர்ந்தது; பனி கலைந்தது; கோடுகள் நின்றன.

“நின்னுபோச்சா?”

“நமக்குத் தெரியல, அவ்வளவுதான். அது வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

டார்ச்சை அணைத்துவிட்டு, இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தார். அவருடைய மணிக்கட்டில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.