வேலி முடிந்த அன்று

சம்பளம் வாங்காமல் எங்கள் பண்ணையில் உதவ, கடல் கடந்து வந்தவள் அந்தச் சின்னப்பெண்.

"வேலி கட்டி முடிஞ்சதும் உன்னை ஊருக்கு அனுப்பிடுவோம்மா," என்று வந்த அன்றே வாக்குக் கொடுத்தார் என் வீட்டுக்காரர்.

ஆனால், அவள் முறுக்கிய கம்பியெல்லாம் மறுநாள் காலையில் அவிழ்ந்து கிடக்கும்.

"காட்டுப்பன்றி முட்டியிருக்கும்," என்றேன்.

"பாவம், வீட்டு ஏக்கத்துல உருகிப்போயிடுச்சு. நாமளே முடிச்சுக் கொடுத்துடலாம்," என்றார் இவர். கம்பி முறுக்கும் குறடும் காணாமல்போயிருந்தது. இருவரும் விரல் கிழிய வெறுங்கையாலேயே முறுக்கி முடித்தோம்.

பஸ் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

"ஊருக்குப் போற சந்தோஷம்," என்றார்.

'போகாதேடி' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பி, அவள் தலையணையை எடுத்தேன். அடியில் காணாமல்போன குறடும், அவிழ்த்த கம்பித் துண்டுகளும்.