இரண்டாம் சரணம்

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளைத் திரை இறங்கியதும் சபையே திரும்பி ராஜையனைத்தான் பார்த்தது.

அவர் ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கீர்த்தனைப் புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது.

நடைபாதைக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் இருந்த அவர் மனைவி நேசம்மாள் மட்டும் திரையைப் பார்த்தாள்.

அந்தச் சின்ன ஆலயத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது ராஜையன்தான். அவருக்கு யாரும் அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. அவர் குரல்தான் கொடுத்தது. வாழைக்குலைச் சந்தையில் ஏலம் கூவிப் பழகிய குரல்.

புதுப் பாட்டு வேண்டும் என்று பாடகர் குழுப் பிள்ளைகள் கேட்ட ஒவ்வொரு கமிட்டியிலும் அவர் எழுந்து மறித்தார். "புஸ்தகத்துல இல்லாத பாட்டு இந்தக் கோயில்ல கேக்கப்பிடாது" என்பார். அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

இந்த வருஷம் வந்த புதுப் போதகர் பிள்ளைகளுக்காகப் பேசினார். புதுப் பாட்டு ஜெயித்தது.

அன்று காலையில், காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லிப் பார்த்தாள் நேசம்மாள்.

"நான் வரல்லேண்ணா அவனுவ என்ன நெனப்பானுவ?" என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டார்.

அவர் எழுந்து வெளிநடப்புச் செய்வார் என்று பாதிப் பேர் காத்திருந்தார்கள். அப்படிச் செய்துவிட்டாலும் தேவலை என்றுதான் நேசம்மாளும் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கீபோர்டில் பாடகர் குழுப் பையன் ஜிபின் கை வைத்தான். பாட்டு அவன் எழுதியது, மெட்டும் அவனுடையது. அவன் முகத்திலும் ரத்தமில்லை. டிரம்ஸ் மெல்லத் தட்டியது. திரையில் எழுத்துகள் வந்தன.

ராஜையன் எழுந்தார்.

எழுந்து, திரையை நேருக்கு நேர் பார்த்து, பாடினார்.

முதல் வரியிலேயே அவர் குரல், கூட எழுந்து பாடியவர்களுக்கு மேலே போய் நின்றது. ஒரு சொல் பிசகவில்லை. பக்கத்தில் நின்ற சுனிதா நேசம்மாளின் கையைக் கிள்ளினாள்.

"மாமா பாடுகாரு மாமி!"

நேசம்மாள் சிரிக்கவில்லை. அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சரணத்துக்குப் பிறகு பல்லவி திரும்ப வந்தது. முடிந்தது.

ஆராதனை அன்று நீண்டுவிட்டது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜிபின் கணினிக்குப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கண்ணைக் காட்டினான். இரண்டைத் தாண்டி, திரையில் மூன்றாம் சரணம் வந்தது.

'இருட்டின வழியில் துணையாய் நின்றீர்' என்று சபை பாடியது.

'கருகின பயிரைக் கண்டு இரங்கினீர்' என்று ராஜையன் பாடினார்.

திரையை நேராகப் பார்த்துக்கொண்டு, முழுக் குரலில், இரண்டாம் சரணத்தை.

இரண்டு பாட்டும் மோதின. டிரம்ஸ் தடுமாறி நின்றது. முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. ராஜையன் நிறுத்தவில்லை. குரலும் இறங்கவில்லை. ஆனால் முன்பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. சபையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நேசம்மாள் கவனித்தாள்.

சபையில் ஒருநாளும் தனியாகக் குரல் எழுப்பாதவள் வாயைத் திறந்து, 'கருகின பயிரைக் கண்டு இரங்கினீர்' என்று எடுத்தாள். சத்தம் உடைந்து கீச்சென்று வந்தது. வெட்கப்பட நேரமில்லை. இன்னும் உரக்கப் பாடினாள். சுனிதா அவளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் கூடச் சேர்ந்தாள். அவளைப் பார்த்துப் பின்வரிசையும் சேர்ந்தது.

ஜிபின் பதறிப்போய்க் கையைக் காட்ட, திரை இரண்டாம் சரணத்துக்குத் திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் அவன் வாசலுக்கு ஓடி வந்து ராஜையன் முன்னால் பேரனைப் போல நின்றான்.

"பாட்டா, நேரமாச்சேண்ணு ஒரு சரணத்த விட்டுட்டேன். மன்னிச்சிரணும்."

ராஜையன் கீர்த்தனைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆண்டவருக்க பாட்டுல பாதியப் பறிக்கப்பிடாது மக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புதுப் பாட்டானாலும் கிழவர் ஒரு சரணத்தை விடமாட்டேன் என்கிறாரே என்று போதகர்கூட அவர் தோளைத் தட்டினார். ஜிபினுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பாட்டை அவர் அப்படி மதித்தாரே என்று.

வீட்டுக்குப் போகும் சானல் கரையில், வாய்க்கால் ஓரமாக இருவரும் நடந்தார்கள். ஆட்கள் பின்தங்கியதும் ராஜையன் கேட்டார்.

"எழுத்து மாறுனத நான் அறியல்லேண்ணு யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

கல்யாணமான புதிதில் ஒருநாள், தனக்கு எழுத்துத் தெரியாது என்று அவளிடம் சொன்னவர், பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவளும் எடுத்ததில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே பாடுவாள். ஒரே பாட்டை, அவர் முற்றத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, திரும்பத் திரும்ப. ஊர் மெச்சும் அத்தனை கீர்த்தனையும் அப்படி அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தவைதான். இந்த வாரம் முழுக்க, குழுப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிய ஜிபினின் பாட்டு.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அடுத்த ஞாயிறு என்ன பாட்டுண்ணு கேட்டியா?" என்றார் ராஜையன்.